தனியாகப் போனவரும் 26 சுமைகாரர்களும்

‘யாருமே போகாத நாடு’ என்று தலைப்பு வைத்த பயணக் காணொளி எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது ஓட்டுநரைத்தான். ‘சோலோ’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் செம்மண் சாலையில் பைக்கை ஓட்டுகிறவர் வேறு ஒருவராக இருப்பார். சோதனைச் சாவடியில் இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வருகிறவர் அவர். இருட்டுவதற்குள் தங்க இடம் பிடித்துக் கொடுப்பவரும் அவர். பத்து நிமிடக் காணொளியில் அவருடைய முதுகு நாலைந்து முறை வரும். பெயர் வராது.

லைபீரியாவைப் பற்றிய பயணப் புத்தகங்களை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தபோது இந்த முதுகு எனக்குத் திரும்பத் திரும்பத் தென்பட்டது. போரிலிருந்து மீண்டுகொண்டிருக்கும், சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகாத ஒரு நாட்டுக்குள் ஒருவர் ‘தனியாக’ப் போகிறார் என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? ஓட்டல் இருக்கிற ஊரில், பேருந்து நேரத்துக்கு ஓடுகிற ஊரில், காசைக் கொடுத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போய்வரலாம். சாலை போய்விட்ட, மின்கம்பி அறுந்துபோன நாட்டில் அது முடியாது. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் ஒவ்வொரு இரவுக்கும் யாரையாவது நம்பித்தான் ஆகவேண்டும். அங்கே தனிப் பயணி என்பவர் ஆகக் கூடுதலாகப் பிறரைச் சார்ந்திருப்பவர். எழுத்தாளர் அதைச் சொல்கிறாரா, மறைக்கிறாரா என்பதை வைத்தே இந்தப் புத்தகங்களை நான் எடைபோடுகிறேன். கறாரான அளவுகோல்தான். இருக்கட்டும்.

லைபீரியாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய ஒரே காட்டுவழியை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் நடந்து எழுதியிருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில், தமிழ்நாட்டைவிடச் சிறிய நாடு. அமெரிக்காவிலிருந்து வந்த விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 1822 முதல் குடியேறி, 1847-ல் சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டார்கள். அவர்களுடைய வாரிசுகள் 1980 வரை உள்நாட்டு இனக்குழுக்களை ஆண்டார்கள். அந்த ஆண்டு சாமுவேல் டோ ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்தார். 1989-ல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சார்ல்ஸ் டெய்லரின் படை ஐவரி கோஸ்டிலிருந்து நிம்பா மாவட்டத்துக்குள் நுழைந்தது. நடுவில் ஓர் இடைவெளி விட்டு 2003 வரை சண்டை. 1991-ல் அது பக்கத்து சியரா லியோனுக்குள் பரவி, அங்கே 2002 ஜனவரியில்தான் முடிந்ததாக அறிவித்தார்கள்.

இத்தனைக்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே போனவர் கிரஹாம் கிரீன். 1935-ல் அவருக்கு வயது 30. அதற்கு முன் ஆப்பிரிக்காவை மிதித்ததில்லை. ஃப்ரீடவுனில் இறங்கி, குறுகிய தண்டவாள ரயிலில் பெண்டெம்பு வரை போய், கைலாஹுன் வழியாக எல்லையைக் கடந்து, நாலு வாரம் காட்டுக்குள் நடந்து, கடற்கரையில் கிராண்ட் பாஸாவை அடைந்தார். நடை மட்டும் சுமார் 350 மைல். லைபீரிய ஆட்சியாளர்கள் உள்நாட்டு மக்களைப் பிடித்து பெர்னாண்டோ போ தீவுத் தோட்டங்களுக்குக் கட்டாயக் கூலிகளாக அனுப்பிய விவகாரம் 1930-ல் சர்வதேச சங்கத்தின் விசாரணையில் அம்பலமாகி, ஜனாதிபதியே பதவி விலகியிருந்த சமயம் அது. அடிமைமுறை எதிர்ப்புச் சங்கத்துக்கும் இந்தப் பயணத்தில் அக்கறை இருந்தது. 1936-ல் ‘ஜர்னி விதவுட் மேப்ஸ்’ வெளிவந்தது.

வரைபடம் இல்லாப் பயணம் என்று தலைப்பு வைத்ததற்கு நியாயம் உண்டு. பிரிட்டிஷ் வரைபடத்தில் நாட்டின் பெரும்பகுதி வெறும் வெள்ளை. அமெரிக்க ராணுவ வரைபடமோ அந்த வெற்றிடத்தில் நரமாமிசம் தின்பவர்கள் என்று எழுதி வைத்திருந்தது. கிரீன் இதை நகைச்சுவையோடுதான் சொல்கிறார். ஆனால் ஒன்று: வரைபடம்தான் இல்லை, வழி இருந்தது. ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு ஆட்கள் தினமும் நடந்த ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் அவருடைய கட்டில், மேசை, நாற்காலி, தகரத் தொட்டி, விஸ்கிப் பெட்டி, நாணயங்கள் நிறைந்த பணப்பெட்டி எல்லாவற்றையும் 26 பேர் தலையில் சுமந்து நடந்தார்கள். பற்றாததற்குத் தூளி வேறு. நடக்க முடியாவிட்டால் ஆளையும் தூக்குவார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டு அவர்கள் தகராறு செய்கிற இடமும் புத்தகத்தில் உண்டு; கிரீன் அதைச் சமாளித்த விதம் அவருக்கே அவ்வளவு பெருமையாக இல்லை. சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டுவைத்த ஊர்க்காரர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

சும்மா சொல்லக்கூடாது, கிரீன் அசாத்தியமான எழுத்தாளர். எலிகள் ஓடும் குடிசைக் கூரை, முகமூடி அணிந்த ‘பிசாசு’ கிராமத்துக்குள் ஆடி வருகிற காட்சி, க்ரூ கடற்கரை ஒடுக்குமுறையில் பெயர் கெட்ட ஒரு கர்னலோடு உட்கார்ந்து பேசும் மாலை — இவையெல்லாம் இன்றைக்கும் மங்கவில்லை. தனது வர்க்கத்தின் மேல் அவருக்கிருந்த எரிச்சலும் உண்மையானது. கடற்கரை வெள்ளைக்காரர்களைவிடச் சுமைகாரர்களை அவர் மதித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் பிரச்சினை வேறு. அவர் லைபீரியாவுக்குப் போனது லைபீரியாவைப் பார்ப்பதற்கு மட்டும் அல்ல. தன் குழந்தைப் பருவத்துக்கு, மனித குலத்தின் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பிப் போகிறேன் என்று நம்பிக்கொண்டு போனார். ஃப்ராய்டின் காலம். மனோதத்துவ மருத்துவரின் சோபாவுக்குப் பதில் ஒரு நாடு. இன்னொரு எழுத்தாளரை முன்வைத்து சினுவா அச்செபே 1975-ல் எழுப்பிய புகார் இதுதான்: ஐரோப்பிய மனம் உடைந்து தேறுவதற்கு ஆப்பிரிக்கா எதற்குப் பின்திரையாக வேண்டும்? நல்ல நோக்கத்தோடு போனவருக்கும் அந்தக் கேள்வி பொருந்தத்தான் செய்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. கிரஹாம் கிரீன் தனியாகவே போகவில்லை. வெள்ளைக்காரத் துணையும் இருந்தது. அப்பாவின் சகோதரர் மகள் பார்பரா கிரீன். ஆங்கிலத்தில் ‘கசின்’ என்று முடித்துக்கொள்ளலாம். நம் கணக்கில் தங்கச்சி முறை. குடும்பக் கல்யாணம் ஒன்றில் ஷாம்பெயின் அதிகமான வேளையில் அண்ணன் கூப்பிட, அவரும் சரி என்று சொல்லிவிட்டாராம். பயணத்துக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை. அண்ணனின் புத்தகத்தில் தங்கையைத் தேடிப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக ‘என் கசின்’ வருவார், போவார். அவ்வளவுதான். அதே புத்தகம் வெளிவந்த கொஞ்ச காலத்தில் ஃப்ரீடவுன் மருத்துவர் ஒருவரின் பெயரை ஒரு குடிகாரப் பாத்திரத்துக்குத் தற்செயலாக வைத்துவிட்டதால் அவதூறு வழக்குக்குப் பயந்து பதிப்பாளர் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வைக்கக்கூடாத பெயர் வந்துவிட்டது, வைக்க வேண்டிய பெயர் வரவில்லை.

பார்பரா 1938-ல் தன் புத்தகத்தை எழுதினார். ‘லேண்ட் பினைட்டட்’, லைபீரிய தேசிய கீதத்திலிருந்து எடுத்த தலைப்பு. பல ஆண்டுகள் யாரும் சீண்டவில்லை. 1981-ல் பால் தெரூவின் முன்னுரையோடு ‘டூ லேட் டு டர்ன் பேக்’ என்ற பெயரில் மறுபதிப்பு வந்தது. இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்து வாசிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அண்ணன் கையில் பர்ட்டனின் ‘அனாடமி ஆஃப் மெலங்கலி’. தங்கை கையில் சாகியும் சாமர்செட் மாமும். அண்ணன் தன் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிறார். தங்கை அண்ணனைப் பார்க்கிறார். உடம்பு சரியில்லாவிட்டால் அவருக்குக் கண்ணுக்கு மேல் ஒரு நரம்பு துடிக்கும் என்பதைக் கவனித்து வைத்திருக்கிறார். அவருடைய புத்தி கூர்மையானது, கருணையில்லாதது என்றும் சொல்லிவிடுகிறார். சொல்கிற தொனியில் வன்மம் துளியும் கிடையாது. கூட நடந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய தகவல்கள்.

இரண்டு புத்தகங்களும் முட்டிக்கொள்கிற இடம் ஸிகிஸ் டவுன் என்ற கிராமத்தின் ஓர் இரவு. கிரஹாமுக்குக் கடுமையான காய்ச்சல். கிரஹாமின் புத்தகத்தில் அது ஞானம் பிறக்கும் இரவு. வாழ்வின் மேல் தனக்கு இவ்வளவு ஆசை இருக்கிறது என்பதையே அப்போதுதான் கண்டுபிடிக்கிறார். அந்தப் பக்கங்களை வாசித்துவிட்டு நெகிழாமல் இருப்பது கஷ்டம். பார்பராவின் புத்தகத்திலோ அது நிர்வாகப் பிரச்சினை. அண்ணன் செத்துவிடுவார் என்றே முடிவுகட்டிவிடுகிறார். இந்தக் காட்டில் எப்படிப் புதைப்பது? கத்தோலிக்கராயிற்றே, மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டாமா, அதற்கு எங்கே போவது? துக்கம் வரவில்லையே என்று அவரே ஆச்சரியப்படுகிறார். மரணம் பக்கத்தில் வந்து உட்காரும்போது கூட இருப்பவர்கள் உண்மையில் யோசிப்பது இதைத்தான். பாயை எங்கே விரிப்பது, யாருக்குத் தகவல் சொல்வது. சாவு வீட்டில் வேலை பார்த்த எல்லாருக்கும் இது தெரியும். என்னைக் கேட்டால் இரண்டு பேரில் பெரிய எழுத்தாளர் அண்ணன், அந்த இரவை நம்பும்படி எழுதியவர் தங்கை.

பார்பராவை நான் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. அந்தக் காலத்து ஆங்கிலத் திமிர் அவரிடமும் இருக்கிறது. சுமைகாரர்களைக் குழந்தைகள்போலப் பேசும் பக்கங்களில் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் அவருடைய புத்தகத்தில் அமெடு, லாமினா போன்ற வேலையாட்கள் நடமாடுகிறார்கள், சிரிக்கிறார்கள். தான் பிறர் கையில் இருக்கிறோம் என்ற உணர்வு அவருக்கு முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. அண்ணன் வழியைத் தீர்மானிக்கிறார், வேலையாட்கள் மற்றதையெல்லாம் பார்த்துக்கொள்கிறார்கள், தான் பின்னால் நடக்கிறோம். முடிவெடுக்கும் பொறுப்பு இல்லாத இடம் பார்ப்பதற்கு நல்ல இடம்போல.

இனி போருக்குப் பின். இந்தக் காலகட்டத்து லைபீரியாவை உலக இளைஞர்களிடம் அதிகம் கொண்டுபோனது புத்தகம் அல்ல, வைஸ் நிறுவனத்தின் ‘வைஸ் கைட் டு லைபீரியா’ காணொளி. மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதி, மலம் கழிக்கும் கடற்கரை, பழைய போர்த் தளபதி, போதை. காமிராவுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைக்காரரின் முகத்தில் எப்போதும் திகில். நியூயார்க் டைம்ஸைப் பற்றி 2011-ல் வந்த ‘பேஜ் ஒன்’ ஆவணப்படத்தில் ஒரு காட்சி. வைஸ்காரர் தங்கள் லைபீரியப் படத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே டைம்ஸை மட்டம் தட்டுகிறார். எதிரில் உட்கார்ந்திருக்கும் டேவிட் கார், தொப்பியை மாட்டிக்கொண்டு மலத்தைப் போய்ப் பார்த்துவிட்டதால் மட்டும் எங்களைப் பேசும் உரிமை வந்துவிடாது என்கிற மாதிரி ஒரு போடு போடுகிறார். பார்க்க ருசியான காட்சி. ஆனால் அந்தச் சண்டையிலும் பேச்சு எந்தப் பத்திரிகை பெரியது என்பதுதான். வெஸ்ட் பாயிண்டில் கேமராக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தவரைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

இதைவிட நாசூக்கான வகையும் உண்டு. மன்ரோவியாவின் குன்று உச்சியில் டுகோர் ஓட்டல். 1960-ல் திறந்தார்கள், ஒரு காலத்தில் இன்டர்காண்டினென்டல். 1989-ல் மூடியது. மன்ரோவியா பற்றிய பயணக் கட்டுரையில் டுகோரின் வறண்ட நீச்சல் குளம் வராவிட்டால்தான் அதிசயம். காவலாளி கையில் கொஞ்சம் காசு, மொட்டை மாடிக்கு ஏறு, கடலைப் பார், காலம் எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று எழுது. அந்த அறைகள் ஏன் அவ்வளவு காலியாக இருக்கின்றன என்று கேட்கிறவர் குறைவு. போரில் இடம்பெயர்ந்தவர்கள் அங்கே குடியேறி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 2007-ல் அரசு அவர்களை வெளியேற்றியது. காலம் காலி செய்த கட்டடம் அல்ல அது, ஆட்களைக் கிளப்பிக் காலி செய்த கட்டடம். அந்தப் புகைப்படத்தின் அழகே அவர்கள் இல்லாததில்தான் இருக்கிறது.

டிம் பட்ச்சர் இந்தக் கூட்டத்தில் சேர மாட்டார். டெய்லி டெலிகிராஃபின் செய்தியாளராகப் போரின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தவர். 2003-ல் எழுதிய செய்திகளுக்காக டெய்லர் ஆட்களிடமிருந்து கொலை மிரட்டல் வந்தவர். 2009-ல் திரும்பிப் போய் கிரீனின் பாதையை நடந்து, மறு ஆண்டு ‘சேஸிங் தி டெவில்’ எழுதினார். பயத்தை அவர் ஒளிப்பதில்லை. கூட வந்த இளைஞரையும் லைபீரிய வழிகாட்டியையும் பெயரோடு, குணத்தோடு எழுதுகிறார். போரோ ரகசியச் சபை பற்றிய பகுதிகள் நல்ல பகுதிகள்: ஆண்களுக்குப் போரோ, பெண்களுக்கு சாண்டே, உள்ளே நடப்பதை வெளியே சொல்லக்கூடாது. எந்தக் கிராமத்தில் எந்தக் கேள்வியில் பேச்சு நின்றுபோகிறது என்பதைப் பட்ச்சர் பொறுமையாகக் குறித்துவைக்கிறார்.

அவருடைய சங்கடம் ‘அடிச்சுவட்டில்’ என்ற வடிவம். ஒவ்வொரு ஊருக்கும் போய்ச் சேர்ந்ததும் கிரீன் இங்கே என்ன பார்த்தார் என்று பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. 1935-க்கும் 2009-க்கும் நடுவில் அந்த ஊருக்கு நடந்ததெல்லாம் இரண்டு ஆங்கிலேயர்களின் இடைவெளியாகச் சுருங்கிவிடுகிறது. ரயில் கூட மிச்சமில்லை. அந்தப் பாதையை 1970-களின் நடுவில் மூடிவிட்டார்கள், பெட்டிகள் ஃப்ரீடவுனில் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. கிரீன் ஒரு வழிப்போக்கராகக் கடந்த கைலாஹுனில் 2000-ம் ஆண்டு கிளர்ச்சிப் படை 200-க்கும் மேற்பட்ட இந்திய அமைதிப்படை வீரர்களை இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகையில் வைத்திருந்தது. ஜூலையில் ‘ஆபரேஷன் குக்ரி’ நடத்தி மீட்டார்கள். 2007 முதல் 2016 வரை லைபீரியாவில் ஐ.நா.வுக்காக இந்தியப் பெண் போலீஸ் பிரிவு ஒன்று பணியில் இருந்தது. எந்தப் பயண எழுத்தாளரைவிடவும் நீண்ட காலம். அந்தப் பெண்களில் ஒருவர் எழுதினால் அதை முதல் ஆளாக வாங்குவேன்.

போர் முடிந்ததும் சியரா லியோனில் 72,000-க்கும் மேற்பட்டவர்களும் லைபீரியாவில் 1,00,000-க்கும் மேற்பட்டவர்களும் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். வேலை? கணிசமான பேர் மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டப் போனார்கள். சியரா லியோனில் ‘ஒகாடா’, லைபீரியாவில் ‘பென்பென்’. சாலை இல்லாத ஊருக்கு வண்டி போகும், காசு அன்றன்றைக்குக் கையில் வரும். ஆக, இன்றைக்குப் பையை மாட்டிக்கொண்டு லோஃபா மாவட்டத்துக்குள் ‘தனியாக’ப் போகும் பயணி பிடித்துக்கொண்டிருக்கும் அந்த முதுகு, பதின்வயதில் துப்பாக்கி தூக்கியவருடையதாக இருக்கலாம். அவரிடம் கதை கேட்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிறவரிடம் போய் நீ யாரைக் கொன்றாய் என்று கேட்கிற பயண எழுத்தும் நிறைய இருக்கிறது, அது இன்னொரு அசிங்கம். எவ்வளவு கூலி கேட்டார், பெட்ரோல் யார் போட்டார்கள், மழையில் வண்டி சிக்கியபோது யார் தள்ளினார்கள் என்று எழுதினாலே போதும்.

‘மீண்டுவரும் நாடு’ என்ற சொல்லும் எனக்கு ஒட்டவில்லை. பட்ச்சரின் புத்தகம் வந்து நாலு வருஷத்துக்குள் கினியா, சியரா லியோன், லைபீரியா மூன்றும் சந்திக்கும் அதே மூலையில் எபோலா கிளம்பியது. கினியாவின் மெலியாண்டு கிராமத்தில் தொடங்கி, லோஃபாவின் ஃபோயா, சியரா லியோனின் கைலாஹுன் என்று பரவியது. 2016-ல் அடங்கும்போது 11,300 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். போர் முடிந்த தேதியை வைத்துக்கொண்டு எழுதுகிற ‘பின்’ என்ற காலம் அங்கே வாழ்கிறவர்களின் பஞ்சாங்கத்தில் இருந்ததா என்றே சந்தேகமாக இருக்கிறது.

இந்த வரிசையில் கடைசியாக வாசித்தது வேயெட்டு மூரின் ‘தி டிராகன்ஸ், தி ஜயண்ட், தி உமன்’ (2020). இதைப் பயண நூல் அடுக்கில் யாரும் வைக்க மாட்டார்கள், நினைவுக் குறிப்பு என்பார்கள். ஆனால் இதுவும் லைபீரியாவை நடந்து கடந்த கதைதான். 1990-ல் மூருக்கு ஐந்து வயது. அம்மா நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கிறார். சண்டை மன்ரோவியாவுக்குள் வருகிறது. அப்பா மகள்களையும் குடும்பத்தாரையும் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்குகிறார். வாரக்கணக்கில் நடை. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அது மேளம் என்கிறார் அப்பா. வழியில் கிடப்பவர்கள் தூங்குகிறார்கள் என்கிறார். குழந்தைக்கு ஜனாதிபதியும் தளபதிகளும் கதையில் வரும் டிராகன்கள், அப்பா ராட்சதன். ஒளிந்து வாழ லாய் என்ற கிராமம் கிடைக்கிறது.

இந்த நடையில் தகரத் தொட்டி கிடையாது. தலையில் சுமப்பது அவர்களே. வழி கேட்பதும் சோறு கேட்பதும் அவர்களே. வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்கு வெற்றிடமாகத் தெரிந்த அதே நிலத்தில், எந்தச் சோதனைச் சாவடியில் எந்த இனக்குழுவின் பெயரைச் சொன்னால் உயிர் தப்பலாம் என்ற கணக்கை அப்பா மனசுக்குள் போட்டுக்கொண்டே நடக்கிறார். ஐந்து வயதுக் குழந்தையின் பார்வை சில இடங்களில் மிகவும் அலங்காரமாகப் போய்விடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டிராகன் என்ற உருவகத்தை மூர் தேவைக்கு மேல் இழுக்கிறார். அமெரிக்காவில் வளர்ந்த வயது பற்றிய நடுப்பகுதி முதல் பகுதியின் வேகத்தில் ஓடவில்லை. எனக்கு அங்கே இரண்டு நாள் இடைவெளி விழுந்தது.

பிறகு மூர் ஒரு காரியம் செய்கிறார். தன்னுடைய குரலை நிறுத்திவிட்டு அம்மாவின் குரலுக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறார். அம்மா நியூயார்க்கிலிருந்து சியரா லியோனுக்குப் பறந்து வந்து, எல்லையில் ஆள் தேடி, கிளர்ச்சிப் படையைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணைப் பிடித்து, லாய் கிராமத்துக்கு அனுப்பி வைக்கிறார். குடும்பத்தை சாவடி சாவடியாகக் கடத்தி எல்லைக்குக் கூட்டிவந்தது அந்தப் பெண்தான். புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது: சாட்டா. வளர்ந்த பிறகு லைபீரியாவுக்குத் திரும்பிப் போகிற மூர் அவரைத்தான் தேடுகிறார்.